லைம் ஊரின் வீங்கிய முழங்கால்கள்: உண்ணிக்கடி நோய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

1975 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலச் சுகாதாரத் துறைக்கு இரண்டு தாய்மார்களிடமிருந்து தனித்தனியே முறையீடு வந்தது. ஒருவர் லைம் என்ற சிற்றூரில் குடியிருந்த ஓவியர் பாலி முர்ரே. அவருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, தலைவலி, அசதி என்று வருடக்கணக்காக ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம் மனப்பிரமை என்று சொல்லும் அளவுக்குப் போன மருத்துவர்களும் உண்டு. இன்னொரு தாய் பக்கத்து ஊரான ஓல்ட் லைமைச் சேர்ந்தவர். அவர் மகளுக்குச் சிறார் முடக்குவாதம் என்று சொல்லியிருந்தார்கள். அதே தெருவில் வேறு சில பிள்ளைகளுக்கும் அதே நோய் என்பது அவருக்குத் தெரியும்.

சிறார் முடக்குவாதம் அரிதான நோய். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அது தெருவாரியாக வருகிறது என்றால், நோய்க்கு வைத்த பெயரிலேயே ஏதோ கோளாறு. இதைக் காதுகொடுத்துக் கேட்டவர் சுகாதாரத் துறையில் இருந்த டேவிட் ஸ்னைட்மன். யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டுநோய்ப் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஆலன் ஸ்டியருக்கு விஷயத்தைச் சொன்னார். ஸ்டியர் அதற்கு முன் மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் தொற்றுநோய்களைத் துப்பறியும் பிரிவில் வேலை பார்த்தவர். மூட்டும் தெரியும், கொள்ளைநோய்க் கணக்கும் தெரியும் என்ற ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தது அதிர்ஷ்டம்தான்.

பின்னால் லைம் நோய் என்று பெயர் பெற்ற இந்த நிகழ்வைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே ஒரே ஒரு இழையைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். நோய்க்கிருமி கண்ணில் படவே ஆறு வருடம் ஆனது. அதுவரை மருத்துவர்கள் கையில் இருந்ததெல்லாம் கிருமிக்கு உடல் கொடுத்த பதில் மட்டுமே: வீங்கிய முழங்கால், விரிந்துகொண்டே போகும் சிவப்பு வளையம், ரத்தத்தில் அளவு குறைந்த ஒரு புரதம். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உண்ணி கடித்தவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருப்பது கிருமியைப் பற்றிய நேரடிச் செய்தி இல்லை என்பது புரியாவிட்டால், அந்தச் சீட்டைத் தப்பாகத்தான் படிப்போம்.

வீடு வீடாக எடுத்த கணக்கு

ஒன்றையொன்று ஒட்டிய மூன்று ஊர்கள், சுமார் 12,000 பேர். அதில் 51 பேருக்கு ஒரே மாதிரியான மூட்டு நோய் இருப்பது தெரிந்தது. 39 பேர் பிள்ளைகள், 12 பேர் பெரியவர்கள். மொத்தமாகப் பார்த்தால் 1,000 பேருக்கு 4.3 பேர். ஆனால் நான்கே நான்கு சாலைகளை எடுத்துக்கொண்டால், அங்கிருந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு வந்திருந்தது. ஆறு குடும்பங்களில் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். புது நோயாளிகள் பெரும்பாலும் கோடையிலும் இலையுதிர்கால ஆரம்பத்திலும் வந்தார்கள்.

நோயின் போக்கும் முடக்குவாதத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒன்றிரண்டு பெரிய மூட்டு, குறிப்பாக முழங்கால், திடீரென்று வீங்கும். ஒரு வாரம் போல இருந்து வற்றிவிடும். இரண்டரை மாதம் போல ஒன்றுமே இருக்காது. அப்புறம் மறுபடி வீங்கும். தன் உடலையே தாக்கும் நோய்களில் வழக்கமாகத் தேடப்படும், செல் கருவுக்கு எதிரான ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றைப் போய்ப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) ஒருவருக்கும் இல்லை. மூட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். தெரிந்த கிருமி எதுவும் வளரவில்லை.

ஆனால் ரத்தம் ஒன்று சொன்னது. காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் தற்காப்புப் புரதங்களின் கூட்டம். ஏதாவது ஒன்றோடு சண்டை நடக்கும்போது இவை செலவாகும். அதில் சி3 என்ற புரதத்தை அளந்தபோது, அந்த நேரத்தில் நோய்க்குறி இருந்த 20 பேரில் 9 பேருக்கு அது குறைந்திருந்தது. நோய்க்குறி இல்லாத இடைவெளியில் இருந்த 31 பேரில் ஒருவருக்கும் குறையவில்லை. எதிரி யாரென்று தெரியாது, ஆனால் சண்டை நடக்கிறது என்று உடல் தெளிவாகவே காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த தடயம் தோலில் இருந்தது. 51 பேரில் 13 பேர், மூட்டு வீங்குவதற்குச் சுமார் நான்கு வாரம் முன்பு ஒரு சிவப்புப் புள்ளி வந்து வட்டமாக விரிந்ததாகச் சொன்னார்கள். சிலருக்கு அது 50 செ.மீ. குறுக்களவு வரை போயிருந்தது. ஐரோப்பியத் தோல் மருத்துவர்களுக்கு இது பழைய விஷயம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் அஃப்சீலியஸ் 1909இலேயே உண்ணிக்கடிக்குப் பின் விரியும் இதே மாதிரி வளையத்தைப் பற்றிப் பேசியிருந்தார். அங்கே அதற்குப் பென்சிலின் கொடுத்துக் குணப்படுத்தியும் வந்தார்கள். அமெரிக்காவிலேயே 1970இல் விஸ்கான்சினில் ருடால்ஃப் ஸ்கிரிமென்டி என்ற தோல் மருத்துவர் அப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார். மூட்டு பார்ப்பவர்கள் தோல் இதழ்களைப் புரட்டுவதில்லை, தோல் பார்ப்பவர்களிடம் முழங்கால் வீங்கியவர் போவதில்லை. மருத்துவத்தில் துறை பிரித்ததற்கு நோயாளி கொடுக்கும் விலை இதுதான்.

1977இல் முதல் அறிக்கை வெளியானபோது பூச்சி போன்ற ஏதோ ஒன்று நோயைப் பரப்புகிறது என்ற ஊகம் மட்டும் இருந்தது. அடுத்த சுற்றில் கனெக்டிகட் ஆற்றின் இரு கரைகளையும் ஒப்பிட்டார்கள். கிழக்குக் கரை ஊர்களில் 1,000 பேருக்கு 2.8, மேற்குக் கரையில் 0.1. கிழக்கே இக்ஸோடிஸ் வகை உண்ணிகள் பல மடங்கு அதிகம். அந்தச் சுற்றில் சேர்ந்த 43 நோயாளிகளில் 9 பேருக்கு வளையம் வந்த இடத்திலேயே உண்ணி கடித்தது நினைவிருந்தது. ஒருவர் கடித்த உண்ணியைப் பத்திரமாக எடுத்தும் வைத்திருந்தார். மற்றவர்களுக்கு நினைவில்லாததில் வியப்பில்லை. பெரும்பாலும் நோயைக் கொடுப்பது கசகசா விதை அளவே இருக்கும் இளம் உண்ணி. கடிக்கும்போது வலிப்பதும் இல்லை.

கிருமியைப் பிடித்தது ஆன்டிபாடி

1981 இலையுதிர்காலம். மொன்டானா மாநிலத்தின் ஹாமில்டனில் உள்ள ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிகளை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது லைம் நோய்க்கிருமியையே அல்ல. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில் புள்ளிக்காய்ச்சல் பரவுவதால், அதற்குக் காரணமான ரிக்கெட்சியாவைத் தேடி, ஷெல்டர் தீவில் பிடித்த உண்ணிகளைப் பார்த்துவந்தார். இரண்டு பெண் உண்ணிகளின் உடல்நீரில் நுண்புழுக்கள் தெரிந்தன. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வயிற்றைப் பிரித்துப் போட்டார். நடுக்குடலில் புழு இல்லை. சாயம் சரியாகப் பிடிக்காத, ஒழுங்கில்லாமல் சுருண்ட நீளமான இழைகள் இருந்தன. ஸ்பைரோகீட் என்னும் சுருள் பாக்டீரியா. பர்க்டார்ஃபர் ஸ்விட்சர்லாந்தில் படித்த காலத்திலேயே உண்ணி பரப்பும் மீள்காய்ச்சலின் சுருள் பாக்டீரியாவோடு பழகியவர், ஐரோப்பாவின் சிவப்பு வளையக் கதையும் அவருக்குத் தெரியும். இரண்டும் அவர் மனதில் உடனே இணைந்துவிட்டன.

சரி, உண்ணியின் குடலில் ஒரு பாக்டீரியா இருப்பதால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடுமா? உண்ணியின் குடலில் எத்தனையோ இருக்கும். அவர்கள் செய்த சோதனை எளிமையானது. லைம் நோயாளிகளின் ரத்தச் சீரத்தை எடுத்து அந்தச் சுருள் பாக்டீரியாவின் மேல் விட்டார்கள். நோயாளிகளின் ஆன்டிபாடி அதைப் போய்ப் பிடித்துக்கொண்டது. நோயாளியின் உடல் இந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அன்று இல்லை. 1982இல் இது வெளியானது. கிருமியை நோயாளியின் உடலிலிருந்து நேரடியாக எடுத்தது 1983இல்தான். அப்போதும் ஸ்டியர் குழு பார்த்த 56 நோயாளிகளில் 3 பேரிடம் மட்டுமே கிருமி கிடைத்தது. 1984இல் அதற்கு பொரீலியா பர்க்டார்ஃபெரி என்று பெயர் வைத்தார்கள்.

56இல் 3 என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இந்த நோயில் உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைவு. நச்சு எதையும் அது சுரப்பதாகத் தெரியவில்லை. அப்படியானால் முழங்காலை அவ்வளவு பெரிதாக வீங்கவைப்பது யார்? கிருமியைத் துரத்தும் வெள்ளணுக்களும் அவை கொட்டும் ரசாயனங்களும்தான். தோலில் தெரியும் வளையமும் அதே கதை. பாக்டீரியா வெளிப்பக்கமாக நகர நகர, அழற்சியும் பின்னாலேயே விரிகிறது.

கடிக்கும் இடத்தில் நடப்பது

கொசு கடித்தவுடன் போய்விடும். இக்ஸோடிஸ் உண்ணி நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டு குடிக்கும். அவ்வளவு நாள் உடல் அதை விட்டுவைப்பதற்குக் காரணம் அதன் உமிழ்நீர். ரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்கள், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைப் பிடித்துவைக்கும் புரதங்கள், வெள்ளணுக்களை அழைக்கும் கீமோகைன்களை முடக்கும் புரதங்கள் எல்லாம் அதில் உண்டு.

பாக்டீரியா இந்த ஏற்பாட்டைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. குடிக்காத உண்ணியின் குடலில் அது ஓஎஸ்பிஏ என்ற புரதத்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான ரத்தம் உள்ளே வந்ததும் அதைக் குறைத்துக்கொண்டு ஓஎஸ்பிசி என்ற இன்னொரு புரதத்தை மேற்பரப்பில் ஏற்றும். பிறகு குடலை விட்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும். அங்கே உண்ணியின் சால்ப்15 என்ற புரதம் அந்த ஓஎஸ்பிசியின் மேல் வந்து ஒட்டி, மனித ஆன்டிபாடி நெருங்காமல் காக்கிறது. இந்தப் பயணத்துக்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் இந்த வகை உண்ணியை 24 மணி நேரத்துக்குள் பிடுங்கிவிட்டால் லைம் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எல்லா உண்ணிக்கிருமிகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோலுக்குள் வந்தபிறகும் அதன் சாமர்த்தியம் தொடர்கிறது. நம் செல்களைக் காம்ப்ளிமென்ட் தாக்காமல் காக்கும் காரணி எச் என்ற புரதத்தை அது தன்மேல் இழுத்து ஒட்டிக்கொள்ளும். விஎல்எஸ்இ என்ற மேற்பரப்புப் புரதத்தின் மரபணுவுக்குப் பக்கத்தில் 15 மௌனத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்து எடுத்துக் கலந்து அந்தப் புரதத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். உடல் ஒரு வடிவத்துக்கு ஆன்டிபாடி செய்து முடிக்கும்போது பாக்டீரியா வேறு வடிவத்தில் இருக்கும். கிருமிகளைப் பட்டினி போட நம் உடல் இரும்பை ஒளித்துவைக்கும் வழக்கம் உண்டு. இந்தப் பாக்டீரியாவுக்கு இரும்பே தேவையில்லை, மாங்கனீஸ் போதும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சுவாரசியம் உண்டு. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிளாக் தீவில், அடிக்கடி உண்ணி கடித்து அந்தக் கடியே அரிக்கத் தொடங்கியவர்களுக்கு லைம் நோய் குறைவாக வந்திருப்பதைக் கவனித்தார்கள். உண்ணியின் உமிழ்நீருக்கு எதிராக உடல் பழகிவிட்டால் கடித்த இடம் அரிக்கிறது. அரித்தால் கை அங்கே போகிறது, உண்ணி சீக்கிரம் அகப்படுகிறது. உண்ணிக்கு எதிரான எதிர்வினையே பாக்டீரியாவுக்கு எதிரான காப்பாக ஆகிவிடுகிறது.

சீட்டில் உள்ள பாசிட்டிவ்

கடித்த மறுநாளே ரத்தம் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. முதலில் வரும் ஐஜிஎம் ஆன்டிபாடி உச்சத்துக்குப் போகவே 3 முதல் 6 வாரம் ஆகும். ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி அதற்கும் பின்னால் வரும். சிவப்பு வளையத்தோடு வருபவர்களில் பாதிப் பேருக்குக்கூட அன்றைய பரிசோதனை பாசிட்டிவ் ஆகாது. வளையம் கண்ணெதிரே இருக்கும்போது பரிசோதனை எதற்கு என்பதுதான் என் கேள்வியும். பார்த்தவுடன் மருந்தை ஆரம்பிப்பதே இன்றைய நடைமுறை.

1995 முதல் அமெரிக்காவில் இரண்டு படிப் பரிசோதனை வழக்கத்துக்கு வந்தது. முதலில் எலிசா, அதில் பாசிட்டிவ் அல்லது சந்தேகம் என்றால் வெஸ்டர்ன் பிளாட். இரண்டும் ஆன்டிபாடியைத் தேடும் சோதனைகள்; இரண்டாவதில், ஆன்டிபாடி பிடிக்கும் ஒவ்வொரு கிருமிப் புரதமும் தனிப் பட்டையாகத் தெரியும். ஐஜிஎம்முக்கு 3 பட்டைகளில் 2, ஐஜிஜிக்கு 10 பட்டைகளில் 5 தெரிய வேண்டும். நோய் தொடங்கி 30 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் ஐஜிஎம்மைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பலர் இந்தக் கடைசி விதியைத்தான் கோட்டைவிடுகிறார்கள். ஒரு வருடமாக மூட்டு வலி, ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் அது பெரும்பாலும் பொய்ச் சாட்சி.

நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. சிகிச்சை முடிந்து நோய் போனபிறகும் ஐஜிஜி பல வருடம் ரத்தத்தில் இருக்கும். குணமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி மறுபடி ஆன்டிபாடி அளப்பது வீண் செலவு. அப்புறம், ஸ்வீடனிலும் ஓலாண்ட் தீவுகளிலும் உண்ணி கடித்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், எந்த நோயும் வராமலே ஆன்டிபாடி மட்டும் வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் உடல் கிருமியைச் சந்தித்து, தானே முடித்துவைத்து, சத்தமில்லாமல் இருந்துவிட்டது.

ஆன்டிபாடி இவ்வளவு காலம் இருந்தால் மறுபடி வராமலாவது காக்க வேண்டுமே? சீக்கிரமே சிகிச்சை பெற்றுக் குணமானவர்களுக்கு அடுத்த கோடையில் இன்னொரு உண்ணி கடித்து மீண்டும் வளையம் வருவது உண்டு. எலிகளில் செய்த சோதனைகளில், ஆன்டிபாடி செய்யும், நல்ல நினைவாற்றலுள்ள பி செல்களை உருவாக்கும் நிணநீர் முடிச்சு மையங்கள் இந்தத் தொற்றில் சீக்கிரமே குலைந்துவிடுவது தெரிந்தது.

கடிபட்டவர்கள் 482 பேர்

கடித்துவிட்டது, இனி என்ன என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான விடை நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் பகுதியில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு. உண்ணியைப் பிடுங்கி 72 மணி நேரத்துக்குள் வந்த 482 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 200 மி.கி. ஒரே ஒரு வேளை. மறுபாதிக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை பெற்ற 247 பேரில் 8 பேருக்குக் கடித்த இடத்தில் வளையம் வந்தது, 3.2 சதவீதம். மருந்து பெற்ற 235 பேரில் ஒருவருக்கு, 0.4 சதவீதம்.

நான் அதிகம் கவனிப்பது இன்னொரு பிரிவினையை. சிகிச்சை பெறாதவர்களில் வளையம் வந்த எட்டுப் பேரையும் கடித்தது இளம் உண்ணி. வளர்ந்த உண்ணி கடித்த 97 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இளம் உண்ணியிலும் ரத்தம் குடித்து உப்பியது என்றால் 81இல் 8. தட்டையாக இருந்தது என்றால் 59இல் பூஜ்யம். பிடுங்கிய உண்ணியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான். லைம் நோய் மிகுந்த அந்த வட்டாரத்திலேயே மருந்தில்லாமல் 247இல் 239 பேருக்கு வளையம் வரவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கிருமி போனபிறகும் வீங்கும் முழங்கால்

ஆரம்ப காலத்தில், ஆன்டிபயாடிக் உதவும் என்று உறுதியாகத் தெரியாததால் மருந்தில்லாமலே தொடர்ந்து கவனிக்கப்பட்ட 55 நோயாளிகளின் பதிவு இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு வளையத்துக்குப் பின் வேறு எதுவும் வரவில்லை. 18 சதவீதத்தினருக்கு மூட்டு வலி மட்டும். 51 சதவீதத்தினருக்கு விட்டு விட்டு மூட்டு வீக்கம், 11 சதவீதத்தினருக்கு நீடித்த வீக்கம். வருடம் ஆக ஆக மறுபடி வீங்குபவர்களின் எண்ணிக்கை தானாகவே குறைந்தது.

மருந்து வந்தபிறகு பெரும்பாலானவர்களின் மூட்டு ஆறிவிடுகிறது. ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஆறுவதில்லை. மூட்டு நீரில் பாக்டீரியாவின் டிஎன்ஏகூட கிடைப்பதில்லை, ஆனால் முழங்கால் வீங்கியே இருக்கிறது. இவர்களில் பலருக்கு எச்எல்ஏ-டிஆர்4 என்ற மரபுக்கூறு இருப்பதை ஸ்டியர் குழு 1990இல் காட்டியது. முடக்குவாதத்தோடும் தொடர்புடைய மரபுக்கூறு அது. ஓல்ட் லைம் பிள்ளைகளுக்கு வைத்த பழைய பெயர் தப்பு என்று இவ்வளவு தூரம் வந்தபிறகு, இந்தச் சிறு பகுதியினரிடம் உண்மையிலேயே முடக்குவாதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். சிகிச்சையும் அங்கிருந்தே வருகிறது: மேலும் மேலும் ஆன்டிபயாடிக் கொடுக்காமல், மெத்தோட்ரெக்சேட் போல எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. 2019இல் வெளியான ஒரு ஆய்வு இன்னொரு காரணத்தையும் காட்டியது. செத்த பாக்டீரியாவின் சுவர்ப்பொருளான பெப்டிடோகிளைகன் மூட்டு நீரில் தங்கி அழற்சியைத் தூண்டிக்கொண்டிருக்கலாம்.

மூட்டும் எதிர்ப்பு சக்தியும் சம்பந்தப்பட்ட இந்தச் சந்தேகம் ஒரு தடுப்பூசியையே வீழ்த்தியது. 1998இல் அனுமதி பெற்ற லைம்ரிக்ஸ், ஓஎஸ்பிஏவுக்கு எதிராக ஆன்டிபாடியை உண்டாக்கியது. கடிக்கும் உண்ணி அந்த ஆன்டிபாடி கலந்த ரத்தத்தைக் குடிக்கும். பாக்டீரியா உண்ணியின் குடலிலேயே செத்துப்போகும். மூன்று தவணை போட்டவர்களிடம் 76 சதவீதப் பலன். ஆனால் ஓஎஸ்பிஏவின் ஒரு பகுதி மனிதப் புரதம் ஒன்றை ஒத்திருக்கிறது, அதனால் ஊசியே மூட்டு நோயைக் கொடுக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. ஊசி போட்டவர்களுக்கு மூட்டு நோய் அதிகமானதாகப் புள்ளிவிவரம் காட்டவில்லை. வழக்குகள் வந்தன, வாங்குவோர் குறைந்தார்கள், 2002இல் நிறுவனம் தடுப்பூசியை விலக்கிக்கொண்டது. எனக்கு இது வருத்தமான அத்தியாயம். கேள்வி நியாயமானது, விடை வருவதற்குள் சந்தை முடிந்துவிட்டது.

அதே உண்ணி, வேறு கிருமி

இக்ஸோடிஸ் உண்ணிக்குள் பொரீலியா தனியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அனாபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் இருக்கலாம். அது நியூட்ரோஃபில் என்னும், கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிப் பெருகும். வளையம் வராது. கடும் காய்ச்சல், தலைவலி, ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுவும் தட்டணுவும் குறைவு. வேறு வகை உண்ணிகள் கொண்டுவரும் ரிக்கெட்சியா ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கும்; ராக்கி மவுண்டன் புள்ளிக்காய்ச்சல் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. இந்த இரண்டிலும் ஆன்டிபாடி வரும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். சந்தேகம் வந்தவுடன் டாக்ஸிசைக்ளின் தொடங்க வேண்டும்; இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது ரத்த மாதிரியில் ஆன்டிபாடி நான்கு மடங்கு ஏறியிருந்தால், நோய் அதுதான் என்பது பின்னால் உறுதியாகும்.

கடிபட்டு, நோய்க்குறி எதுவும் இல்லாமல் வருபவருக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறது 2020இல் அமெரிக்கத் தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி. பிடுங்கிய உண்ணியை ஆய்வகத்துக்கு அனுப்பி அதற்குள் பொரீலியா இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டாம். உண்ணி எந்த வகை, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது, எந்த வட்டாரத்தில் கடித்தது என்ற மூன்றையும் கேட்டு, அபாயம் அதிகம் என்றால் அந்த ஒரு வேளை டாக்ஸிசைக்ளின். மற்றவர்கள் ஒரு மாதம் கடித்த இடத்தையும் காய்ச்சலையும் கவனித்தால் போதும்.